நல்லூரில் ஒரு மாரிகால யோகாசன வகுப்பு: மதிப்புரை

ஐப்பசியில் வடகீழ்ப் பருவமழை தொடங்கியதும் யாழ்ப்பாணத்தில் வீட்டுக்கு ஒருவராவது தடிமனோடும் இருமலோடும் படுப்பது வழக்கமாதலால், அந்தக் காலத்தைக் குறித்தே நல்லூர்ப் பகுதியில் ஒரு மண்டபத்தில் நடத்தப்படும் ஒருமாத யோகாசன வகுப்பில் சேர்ந்து பயின்றேன். தடிமனும் இருமலும் அண்டாமற் காக்கும் என்று அதன் துண்டுப்பிரசுரம் உறுதி கூறுகிறது. தடிமனை உண்டாக்கும் வைரசுகள் 200க்கும் மேற்பட்டவை. ரைனோவைரசுகள் அவற்றுள் முதன்மையானவை. எந்த ஆசனமும் அவற்றைக் கொல்வதில்லை. கைதடியில் சித்த மருத்துவம் கற்ற ஆசிரியை இதை முதல் நாளிலேயே தயக்கமின்றிச் சொல்லிவிட்டார். மூக்கையும் நெஞ்சையும் சுத்தமாக வைத்திருக்கவும், வந்த தடிமனின் தொல்லையைச் சற்றுத் தணிக்கவும் பழக்குவதே தம்மால் இயன்றது என்பது அவர் கூற்று. பிரசுரத்தை எழுதியவர் யாரோ, அவர் இந்த வகுப்பில் ஒருநாளேனும் வந்து அமர்ந்திருக்கலாம்.

வகுப்பின் பெறுமதி மூச்சுப் பயிற்சியில்தான் இருக்கிறது. வாயால் மூச்சிழுக்கும் பழக்கத்தை விடுவிப்பதிலிருந்து ஆசிரியை தொடங்குகிறார். உள்ளே போகும் காற்றை வெதுப்பி, ஈரமாக்கி, தூசியை வடிப்பது மூக்கின் வேலை என்பதை விளக்கிய பின்னரே, மூக்குத் துவாரங்களை மாற்றி மாற்றி மூச்சு விடும் நாடிசுத்திக்கு வருகிறார். மூச்சை இழுக்க 16, அடக்க 64, விட 32 மாத்திரை (கண்ணிமைப் பொழுது) என்று திருமந்திரம் கூறும் கணக்கைக் கேள்விப்பட்டு வந்திருந்த சிலர் மூச்சை அடக்கிப் பார்க்க ஆவல் கொண்டபோது, பழகாத நெஞ்சுக்கு அது வேண்டாம் என்று மறுத்து, இழுப்பதைவிட விடுவதைச் சற்று நீட்டினாலே போதும் என்றார். பிராமரி எனப்படும் வண்டொலிப் பயிற்சிக்கு அவர் கூடுதல் நேரம் ஒதுக்குவதற்கு நல்ல நியாயம் உண்டு. வாயை மூடி 'ம்' என்று முரலும்போது மூக்கிலிருந்து வெளிவரும் நைத்திரிக் ஒட்சைட்டு என்ற வாயு, அமைதியாக மூச்சு விடும்போது வெளிவருவதைவிட ஏறத்தாழ 15 மடங்காக உயர்வதைச் சுவீடனின் கரோலின்ஸ்கா நிறுவக ஆய்வாளர்கள் 2002இல் அளந்து காட்டினர். முகவெலும்புக் குழிகளில் அடைபட்டிருக்கும் காற்று அந்த அதிர்வால் வெளியேறுவதே காரணம். இதனால் தடிமன் வராது என்று அந்த ஆய்வு கூறவில்லை, ஆசிரியையும் கூறவில்லை. ஆயினும் மூக்கடைப்போடு வந்தவர்கள் பயிற்சி முடிந்ததும் முகம் இலேசானதாகச் சொன்னதைப் பலமுறை கேட்டேன். எனக்கும் அப்படியே இருந்தது.

வயிற்றை உந்தி மூச்சை வேகமாக வெளியே தள்ளும் கபாலபாதியில் அவர் காட்டும் கண்டிப்பு பாராட்டத்தக்கது. இரத்த அழுத்தம், இருதய நோய், குடலிறக்கம் உள்ளவர்களையும் கர்ப்பிணிகளையும் தனியே அமர்த்துகிறார். எனக்கு அருகில் இருந்த முதியவர் ஒருவர் மற்றவர்களுக்கு ஈடாக வயிற்றை உந்த முயன்றபோது, "அம்மா, உங்களுக்குப் பிறசர் இருக்கென்று எழுதித் தந்தனீங்கள், இதை விட்டிட்டு மூச்சை ஆறுதலாக விடுங்கோ" என்று வந்து தடுத்தார்.

உப்புத் தண்ணீரால் மூக்கைக் கழுவும் ஜலநேதியை இவ்வளவு கவனமாகக் கற்பிக்கும் இடம் வேறொன்றை நான் கண்டதில்லை. கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்க வைத்து இளஞ்சூட்டுக்கு ஆறவிட்டு, அரை லீற்றருக்கு 4.5 கிராம் உப்பு, அதாவது ஒரு தேக்கரண்டிக்குச் சற்றுக் குறைவாகக் கரைக்கிறார்கள். தலையைச் சரித்து, வாயால் மூச்சு விட்டபடி மேல் மூக்குத் துவாரத்தில் கெண்டியின் மூக்கை வைத்தால், தண்ணீர் மற்றத் துவாரத்தால் நூலாக வழிகிறது. அதன்பின் மூக்கைச் சிந்தும்போது இரு துவாரங்களையும் அழுத்திப் பிடிக்கக்கூடாது. அவ்வாறு சிந்தினால் தண்ணீர் காதுப் பக்கம் ஏறிவிடும். கொதிக்க வைக்காத தண்ணீரின் ஆபத்துக்கு, 2011இல் அமெரிக்காவின் லூசியானாவில் குழாய்த் தண்ணீரால் மூக்கைக் கழுவிய இருவர் மூளையைத் தாக்கும் அமீபாவால் இறந்ததை அவர் எடுத்துக்காட்டினார். எங்கள் கிணறு நல்ல கிணறு என்று பெருமை பேசுவோர் இதைக் கேட்டிருக்க வேண்டும்.

ஆசனங்களைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. புஜங்காசனம், மச்சாசனம், சேதுபந்தாசனம் என நெஞ்சை விரிப்பவற்றைத் தெரிவு செய்தது சரியே. ஆனால் அவசரமாகக் கற்பிக்கப்படுகின்றன. மல்லாந்து கிடந்து நெஞ்சை உயர்த்தும் மச்சாசனத்தில் பாரம் முழங்கைகளில் தங்க வேண்டும். கழுத்தில் ஏற்றியபடி கிடந்த பலரைத் திருத்துவதற்கு ஒரே ஆசிரியை போதாது. மூக்கடைத்திருக்கும் நாளில், கால்களை மேலே தூக்கித் தோளில் நிற்கும் சர்வாங்காசனத்தைத் தவிர்க்கச் சொன்னதும், காய்ச்சல் என்றால் வீட்டிலேயே படுத்திருங்கள் என்றதும் நல்ல அறிவுரைகள்.

பெருங்குறை மண்டபத்தில்தான். சாரல் அடிக்கிறதென்று யன்னல்கள் அனைத்தையும் பூட்டிவிட்டு, முப்பது பேரளவில் நெருக்கமாக அமர்ந்து, கபாலபாதியும் பஸ்திரிகாவுமாக ஒருவர் முன் ஒருவர் வேகமாக மூச்சைத் தள்ளிக்கொண்டிருந்தால், தடிமனைத் தடுக்க வந்த இடமே அதைப் பகிர்ந்துகொள்ளும் இடமாகிவிடும். இருமிக்கொண்டு வந்தவரைத் திருப்பி அனுப்பும் ஒழுங்கும் இல்லை, பாய்களும் கைமாறுகின்றன. நாங்கள் சிலர் முறையிட்ட பிறகு விறாந்தைப் பக்கக் கதவுகளைத் திறந்து வைத்தார்கள். ஆனாலும் மழை வலுத்த நாட்களில் யாராவது ஒருவர் எழுந்து மூடிவிடுவார். மாரிகாலத்துக்கென்றே நடத்தப்படும் வகுப்புக்குக் காற்றோட்டமுள்ள ஓர் இடத்தை நிருவாகம் முன்னமே யோசித்திருக்க வேண்டும். கபாலபாதியை வீட்டுப் பயிற்சியாகக் கொடுத்துவிட்டு, வகுப்பில் பிராமரியையும் நாடிசுத்தியையும் மட்டும் வைத்துக்கொண்டாலும் பாதிச் சிக்கல் தீரும்.

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்த ஒருவரை, பயிற்சியை நிறுத்திவிட்டுச் சளிப் பரிசோதனை செய்யுமாறு மார்புநோய்ச் சிகிச்சை நிலையத்துக்கு அனுப்பியதையும் குறிப்பிட வேண்டும். காசநோயா என்று பார்ப்பதற்கு அதுவே முறை, இங்கே அந்தச் சிகிச்சையும் இலவசம். தொய்வு உள்ளவர்களிடமும் இன்ஹேலரை நிறுத்தச் சொல்லாமல், கையோடு கொண்டுவரும்படியே சொல்கிறார்.

கட்டணம் மாதம் 2,500 ரூபா. கெண்டி வேறாக வாங்க வேண்டும். மூச்சுப் பயிற்சியையும் நேதியையும் முறையாகப் பழக விரும்புவோருக்கு இத்தொகை தகும். ஆசனம் பழகுவதே நோக்கமென்றால் ஆட்கள் குறைந்த வேறொரு வகுப்பைத் தேடுவது நல்லது. சேருபவர்கள் சொந்தப் பாயைக் கொண்டு போய், விறாந்தைக் கதவோரமாக இடம்பிடித்துக்கொள்ளவும், விடியற்காலை 5.30 மணி வகுப்புக்குச் சற்று முந்திப் போனால் அந்த இடம் கிடைக்கும்.