டிசம்பர் லீவில் குருவிப் படம்: சமவெளியா, ஹக்கலவா, விக்டோரியா பார்க்கா?

டிசம்பர் லீவு வந்தால் மச்சானுக்கும் எனக்கும் ஒரே வாக்குவாதம்தான். கேமராவைக் கையில் எடுத்தால் அவருக்கு ஹோட்டன் சமவெளிதான் ஞாபகம் வரும். எனக்கு நுவரெலியா டவுன் நடுவில் இருக்கிற விக்டோரியா பார்க். "பஸ் ஹாரன் கேட்கிற இடத்தில் குருவி எடுக்கவா இவ்வளவு பெரிய லென்ஸ் வாங்கினீங்க?" என்று கேட்பார். இரண்டு இடத்துக்கும், இடையில் ஹக்கலத் தாவரத் தோட்டத்துக்கும், பல டிசம்பர்கள் அலைந்துவிட்டுத்தான் எழுதுகிறேன். கையில் இரண்டு நாள்தான் லீவு, படத்தில் நிறம் வேண்டும் என்றால் என் ஓட்டு பார்க்குக்கே.

முதலில் மச்சான் பக்கத்து நியாயம். கடல் மட்டத்திலிருந்து 2,100 மீட்டர் உயரம். மஞ்சள் காதுக் கொண்டைக்குருவி, மங்கிய நீல ஈப்பிடிப்பான், இலங்கை வெள்ளைக்கண்ணி என்று இந்தத் தீவை விட்டால் வேறெங்கும் இல்லாத பறவைகள் அங்கே சாதாரணமாகத் திரியும். சமவெளிக்குள் நுழைகிற பட்டிப்பொல கேட் தாண்டி விடியும் நேரத்தில் போனால், தேசியப் பறவையான காட்டுச் சேவல் ரோட்டோரத்தில் நிற்கும். செம்மஞ்சள் முதுகு, சிவப்புக் கொண்டை, கொண்டை நடுவே மஞ்சள் திட்டு. வாகனத்தை நிறுத்தி, இறங்காமல் ஜன்னல் வழியாகவே எடுக்கலாம். அந்த ஒரு படத்துக்காகவே போகலாம் என்பார் மச்சான். மறுக்க மாட்டேன்.

ஆனால் லீவு நாளில் அந்தக் கேட்டுக்குப் போய்ச் சேர வேண்டுமே. கோயில் ஸ்பீக்கரில் மார்கழித் திருவெம்பாவை தொடங்குவதற்கு முன்னாலேயே வேன் கிளம்ப வேண்டும். போனால் கொழும்பிலிருந்து வந்த வாகனங்கள் வரிசையில் நிற்கும். உள்ளே போனதும் பொலித்தீனைக் கழற்றச் சொல்வார்கள், அது நல்ல விஷயம். அப்புறம் உலக முடிவு என்கிற செங்குத்துப் பாறை விளிம்பைப் பார்க்கிற கூட்டம் செல்ஃபி ஸ்டிக்கோடு பாதை முழுக்க. ஒன்பது, பத்து மணிக்குப் பனிமூட்டம் ஏறிவிட்டால் சேவலும் சாம்பல், புல்லும் சாம்பல். மூட்டத்தில் கேமராவின் ஃபோகஸ் முன்னும் பின்னும் தடவிக்கொண்டே இருக்கும். வெள்ளையைப் பார்த்து ஏமாந்து கேமராவின் ஒளி மீட்டர் வெளிச்சத்தைக் குறைத்துவிடும், நாமாக ஒரு ஸ்டொப், அதாவது வெளிச்சம் இரட்டிப்பாகிற ஒரு படி, கூட்டி வைக்க வேண்டும். போன டிசம்பரில் நாற்பது படம் எடுத்ததில் உருப்படியாகத் தேறியது மூன்று. அதில் இரண்டு மான்.

ஹக்கல கதை வேறு. நுவரெலியாவிலிருந்து வெலிமடைப் பக்கம் பத்துக் கிலோமீட்டர், வழியில் சீதையம்மன் கோயிலில் ஒரு கும்பிடு. 1861இல் கொய்னா மருந்துக்கான சிங்கோனா மரம் வளர்க்கத் தொடங்கிய தோட்டம். அங்கே போகிறவன் தேடுவது ஒன்றே ஒன்றுதான்: நீல வால்காக்கை, சிங்களத்தில் கெஹிபெல்லா. உடம்பு நீலம், தலையும் சிறகும் செம்பழுப்பு, அலகும் காலும் சிவப்பு. கூட்டமாக வரும், சத்தம் போடும், பத்து நிமிடத்தில் போய்விடும். வராத நாளில் கரடிக் குரங்கைப் பார்த்துக்கொண்டு திரும்ப வேண்டியதுதான். நான்கு தடவை போய் ஒரு தடவைதான் எனக்கு வாய்த்தது. வந்த நேரம் பார்த்து மெமரி கார்ட் நிரம்பியிருந்தது. அது என் பிழை.

சரி, பார்க்குக்கு வருவோம்.

பூப்பாத்தி, குதிரைச் சவாரி, பிள்ளைகள் ரயில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு, ஓரமாக ஓடுகிற ஓடைப் பக்கம் போக வேண்டும். ஓடை என்று மரியாதைக்குச் சொல்கிறேன். டவுன் அழுக்கெல்லாம் கலந்த தண்ணீர், மூக்கைப் பொத்த வைக்கும். அந்த ஈர மண்ணில் புழு இருக்கிறது, புழு இருக்கிற இடத்தில் ஆறுமணிக் குருவி இருக்கிறது. இந்தியாவில் குஞ்சு பொரித்துவிட்டுக் குளிர்காலத்துக்கு இங்கே வருகிற பறவை. விடியலிலும் பொழுது சாயும்போதும் கூப்பிடுவதால் அந்தப் பெயர். முதுகு பச்சை, வயிறு இளமஞ்சள் கலந்த பழுப்பு, அடிவயிறு இரத்தச் சிவப்பு, தோளில் ஒரு துளி நீலம், கண்ணுக்குக் குறுக்கே கறுப்புப் பட்டை.

ஒரு காலையில் புதர் ஓரமாகக் குந்தியிருந்தேன். காய்ந்த இலையை அலகால் புரட்டிக்கொண்டே வந்தது. இரண்டு தத்தல், ஒரு நிற்றல். பிஸ்கட் உறை ஒன்றைத் தூக்கிப் பார்த்து, அடியில் ஒன்றும் இல்லை என்று போட்டுவிட்டு நகர்ந்தது. எனக்கும் அதற்கும் ஐந்து மீட்டர் இருக்காது. அந்த 'நிற்றல்' இருக்கிறதே, அதுதான் நமக்குக் கிடைக்கிற சலுகை. நிழலில் வெளிச்சம் குறைவுதான், ஆனாலும் 1/125 விநாடி ஷட்டர் வேகமே போதும். ஒளி உணர்திறனை, அதாவது ஐஎஸ்ஓவை, 3200க்கு ஏற்றிவிட்டு, அது நிற்கும்போது மட்டும் பட்டனை அழுத்தினேன்.

அதே ஓடைக்கரை மரங்களில் காஷ்மீர் ஈப்பிடிப்பான். பெயரே சொல்கிறது, காஷ்மீர்ப் பக்கத்து இமயமலையில் கூடு கட்டிவிட்டுக் குளிருக்கு நம் மலையகத்துக்கு வருகிறது. உலகத்திலேயே எண்ணிக்கை குறைந்துவரும் பறவைகளில் ஒன்று. ஆணுக்குத் தொண்டையும் மார்பும் செம்மஞ்சள், இரு பக்கமும் கறுப்புக் கரை. ஆனால் ஒரு கிளையில் இரண்டு விநாடி நிற்காது. 1/500க்குக் கீழே போனால் வால் மட்டும்தான் படத்தில் விழும். இதற்கு மச்சானுடைய கனத்த லென்ஸைவிட, கையில் தூக்கித் திருப்பக்கூடிய 100-400 மி.மீ. ஸூம் லென்ஸே எனக்குத் தோது. மொபைலில் குரல் போட்டு அழைக்கிற ஆட்களையும் அங்கே பார்த்திருக்கிறேன். இரை தேடி உடம்பு தேற்ற வந்த பறவையை இல்லாத எதிரியைத் தேடி ஓட வைப்பது அது. வேண்டாம்.

பார்க்கின் குறை, பின்னணி. எங்கே திருப்பினாலும் ஒரு போத்தல், ஒரு கம்பி வேலி. தரையோடு தரையாகப் படுத்துக் குறிவைத்தால் பின்னால் இருப்பது கரைந்துபோகும். சட்டையின் கதி வேறு விஷயம்.

டிசம்பர் மழையையும் சொல்ல வேண்டும். வடகீழ்ப் பருவக்காற்று கிழக்குச் சரிவைத்தான் அதிகம் நனைக்கும். நுவரெலியாவில் மத்தியானத்துக்குப் பிறகு நம்ப முடியாது. மேற்கே மஸ்கெலியாப் பக்கம் அப்போது மழை குறைந்த காய்ந்த காலம்தான், டிசம்பர் போயாவில், அதாவது பௌர்ணமியில், சிவனொளிபாதமலை யாத்திரை சீசன் தொடங்குவதும் அதனால் வசதி. எங்கள் தோட்டத்து லயத்தில் தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரைக்கு மேலே இருக்கிற நிழல் மரங்களில் மின்சிட்டுக் கூட்டம் வரும். ஆண் நெருப்பு நிறம், பெண் மஞ்சள். டிக்கெட் இல்லை, வரிசை இல்லை, அம்மாவின் பிளேன்டீ இருக்கிறது. தூரத்து உச்சியில் நிற்கும் என்பதால் படம் சின்னதாகத்தான் வரும்.

இந்த முறையும் மச்சான் சமவெளிக்கு வேன் பேசிவிட்டார். ஒரு சீட் காலியாம். காட்டுச் சேவலுக்காகப் போனாலும் போவேன், ஆனால் மறுநாள் காலை என்னைப் பார்க் வாசலில் இறக்கிவிட வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். பழைய சட்டை ஒன்றையும் எடுத்து வைத்தாயிற்று.