பழைய வண்ணாரப்பேட்டைச் சேணப் பட்டறை: நெடும்பயணக் குதிரைக்கு ஏற்றதா?

பழைய வண்ணாரப்பேட்டையின் சந்தொன்றில் பெயர்ப்பலகைகூட இல்லாமல் இயங்கும் ஒரு தோல் பட்டறையில் நெடும்பயணத்துக்கான சேணம் ஒன்றைச் செய்வித்து, மாதவரம் பக்கம் எங்கள் லாயத்தில் இருக்கும் கத்தியவாடிக் குதிரையின் மேல் கோடை முழுவதும் பயன்படுத்திப் பார்த்த பிறகே இதை எழுதுகிறேன். சேணத்தை ஏறுகிறவரின் வசதியை வைத்து மதிப்பிடுவதுதான் வழக்கம். ஒரு மணி நேரச் சவாரிக்கு அது போதும். நாளுக்கு முப்பது, நாற்பது கிலோமீட்டர் என்று வாரக்கணக்கில் போகும் பயணத்திலோ, சேணத்தின் தரத்தைக் குதிரையின் முதுகில்தான் பார்க்க வேண்டும்.

பட்டறைக்காரரான பாய் அளவெடுக்க லாயத்துக்கே வந்தார். கழுத்து முடிந்து முதுகு தொடங்கும் மேட்டில் ஓரிடம், அதற்கு ஒரு சாண் பின்னால் ஓரிடம், கடைசி விலாவுக்குச் சற்று முன்னால் ஓரிடம் என்று வளையும் கம்பியை முதுகின் குறுக்கே அழுத்தி, அந்த வளைவுகளை அட்டையில் வரைந்துகொண்டார். என் எடையைச் சொல்ல வாயெடுத்தபோது, "உங்க வெயிட்ட அப்புறம் கேக்கறேன் சார், முதல்ல குதிர வெயிட்ட சொல்லுங்க" என்றார். குதிரை தன் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் சுமக்கலாகாது என்பது நெடும்பயணக்காரர்கள் பொதுவாகக் கொள்ளும் வரம்பு. ஆள், சேணம், பை, தண்ணீர் எல்லாம் அதற்குள் அடக்கம். 360 கிலோ குதிரைக்கு அது 72 கிலோ. 250 கிலோ மட்டக்குதிரைக்கோ 50 கிலோதான், ஆகவே வளர்ந்த ஆள் ஏறி உட்கார்ந்தாலே பெரும்பாலும் கணக்கு மீறிவிடும். அந்தியூர்ச் சந்தையில் வாங்கிய மட்டக்குதிரைக்குப் பெரிய சேணம் கேட்டு வந்த ஒருவரை, என் கண்ணெதிரே, செய்து தர முடியாதென்று அவர் திருப்பி அனுப்பினார். அட்டை வளைவுகளைக் காட்டிலும் அந்த மறுப்புதான் எனக்கு நம்பிக்கை தந்தது.

சேணம் ஏறத்தாழ 9 கிலோ. உள்ளே மரச்சட்டம், அதன் இரு பலகைகளுக்கும் நடுவே முதுகெலும்பின் மேல் காற்றோடும்படி இடைவெளி. 1859-இல் அமெரிக்க ராணுவம் ஏற்ற மெக்லெல்லன் சேணத்திலும் இத்தகைய திறப்பு உண்டு. நம் ஊர் வெக்கைக்கு அது இன்னும் பொருந்துகிறது. அடியில் பஞ்சணைக்கு நுரைப்பஞ்சு வைக்காமல் கம்பளி திணித்திருக்கிறார், ஏனென்றால் நீண்ட பயணத்தில் குதிரை இளைத்து முதுகின் வடிவம் மாறும்போது கம்பளியைக் கூட்டிக் குறைத்துச் சரிசெய்துகொள்ளலாம். பொருத்தத்தைச் சோதிக்க எளிய வழி, நல்ல வெயிலில் ஓட்டிவந்து சேணத்தை இறக்கியதும் வியர்வைத் தடத்தைப் பார்ப்பது. சுற்றிலும் ஈரமாக இருக்க, நடுவில் தனித்திட்டாக ஓரிடம் உலர்ந்திருந்தால் அங்கே அழுத்தம் மிகுதி என்று கொள்ள வேண்டும். அதைக் கவனிக்காமல் விட்டால் புண்ணாகும், ஆறிய பின் அங்கே வெள்ளை மயிர் முளைக்கும். எங்கள் குதிரைக்குத் தடம் இருபுறமும் ஒரே சீராக இருந்தது.

ஏறுகிறவர் கால் வைக்கும் அங்கவடியைத் தாங்கும் வாருக்கு எருமைத்தோல். பெரியமேட்டிலிருந்து வாங்கியது, பட்டைச் சாற்றில் பதனிட்டது, எளிதில் நீளாது.

குறை பைகளில் இருக்கிறது. அவை சேணத்துக்கு வெகு பின்னால், விலா எலும்பின் தாங்கல் இல்லாத இடுப்பின் மேல் தொங்கின. சொன்ன பிறகு முன்னால் இழுத்துக் கட்டும்படி வளையங்களை மாற்றினார், ஆனால் முதலிலேயே அப்படிச் செய்திருக்க வேண்டும். 1925-இல் அர்ஜென்டினாவின் புவெனஸ் ஐரஸிலிருந்து புறப்பட்டு ஏறத்தாழ 16,000 கிலோமீட்டர் கடந்து அமெரிக்கா சேர்ந்த சிஃபெலி என்ற குதிரைப் பயணி, மான்சா, கட்டோ என்ற இரண்டு கிரியோயோ இனக் குதிரைகளைக் கூட்டிச் சென்றதற்குச் சுமையைப் பகிர்வதும் ஒரு காரணம். நம்மில் பலர் ஒற்றைக் குதிரையோடு கிளம்புகிறவர்கள். பை எங்கே தொங்குகிறது என்பதில் கூடுதல் கவனம் வேண்டும்.

சேணத்தோடு அவர் தரும் தார்ப்பாய் மடக்கு வாளிதான் எனக்கு மிகவும் பிடித்தது. கடற்கரையோரமாகக் கோடிக்கரை வரை குதிரையில் போக வேண்டும் என்ற ஆசை இங்கே பலருக்கு உண்டு. 1967-இல் அங்கே அமைந்த வனவிலங்குச் சரணாலயத்தில் திரியும் மட்டக்குதிரைகள், ஒரு காலத்தில் மனிதர் வளர்த்துக் கைவிட்டவற்றின் வழிவந்தவை. கோடையில் அங்கே நன்னீர் அரிது. கிளாண்டர்ஸ் என்ற குதிரை நோய் போன்ற தொற்றுகள் பொதுத் தண்ணீர் வழியாகவும் பரவும். நம் குதிரை வாய்வைத்த குட்டையில் அந்த மட்டக்குதிரைகளும் குடித்தால் என்ன ஆகும் என்பதை விளக்க வேண்டியதில்லை. அமெரிக்காவில் மஸ்டாங் எனப்படும், காட்டில் திரியும் குதிரைகளுக்கு 1971 முதல் சட்டப் பாதுகாப்பு உண்டு. அங்கே 2013-இல் நான்கு இளைஞர்கள் தத்தெடுத்த மஸ்டாங்குகளின் மேலேறி மெக்சிகோ எல்லையிலிருந்து கனடா எல்லை வரை சென்று, தத்தெடுப்புக்குக் காத்திருக்கும் குதிரைகளின்பால் மக்களின் கவனத்தை ஈர்த்தார்கள். கோடிக்கரையில் நாம் செய்யக்கூடிய உதவி அங்குள்ள மட்டக்குதிரைகளை நெருங்காமல் இருப்பது. வேதாரண்யத்திலேயே குதிரையைக் கட்டி, நம் வாளியில் நம் தண்ணீரைக் காட்டிவிட்டு, அனுமதி பெற்று நடந்து போய்ப் பார்க்கலாம். கிளம்புவதற்கு முன் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற ஓரிடத்தில் குதிரையைக் காட்டி, இரத்தப் பரிசோதனை பற்றிக் கேட்டுக்கொள்வதும் அவசியம்.

விலை, கான்பூரிலிருந்து வரும் ஆயத்தச் சேணங்களைவிடக் கூடுதல். சொன்ன தேதிக்குக் கைக்கு வராது. இரும்புக் கொக்கிகள் எண்ணூர்க் கடற்காற்றில் சீக்கிரமே துருப்பிடித்தன, ஆகவே பித்தளை என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். வாரம் ஒருமுறை ஓட்டுகிறவருக்கு இந்தச் செலவு வீண். தொலைதூரம் போகிறவர்கள் ஆடிக்குள் சொல்லி வைப்பது நல்லது, ஐப்பசி மழை தொடங்கிவிட்டால் அந்தச் சந்தில் தோல் உலராது, பூசணம் பூக்கும்.