காலிக்கு 'ஃபுல் டே' பேக்கேஜா? கோட்டையில் எத்தனை மணி நேரம் என்று கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள்

போன கோடை விடுமுறையில் இலங்கை போய் வந்தோம். நான், மனைவி, பையன், நைனா (என் அப்பா). நான்கு நாள் பேக்கேஜ், எங்கள் ராயபுரத்திலேயே ஒரு ஏஜென்ட்டிடம் எடுத்தது. பணத்துக்கு இன்னும் அலைந்துகொண்டிருக்கிறேன் என்பதால் பெயர் போடவில்லை. கொழும்பில் ஓட்டல், சாப்பாடு எல்லாம் நன்றாகவே இருந்தது. ஏமாந்தது காலிக்குப் போன அந்த ஒரு நாள்தான்.

காலி, தெற்குக் கரையில் உள்ள ஊர். டச்சுக்காரர்கள் கட்டிய கோட்டைக்குள் தெருக்கள், வீடுகள், தேவாலயம், பள்ளிவாசல், கலங்கரை விளக்கம் எல்லாம் இருக்கின்றன. 1988-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. 2004 சுனாமியில் வெளியே ஊர் நாசமானபோது கோட்டைக்குள் இருந்த பகுதியைப் பெரும்பாலும் மதில்தான் காத்தது. அன்றைக்குக் காசிமேட்டில் அலையை நேரில் பார்த்தவர் நைனா. அந்த மதிலைப் பார்க்க வேண்டும் என்று கேட்டவரே அவர்தான்.

"ஃபுல் டே காலி, எல்லாம் சேர்த்து தலைக்கு 4,500" என்றார் ஏஜென்ட். ரசீதிலும் 'காலி – முழு நாள்' என்றுதான் இருக்கிறது.

காலை ஏழரைக்கு வேன் கிளம்பியது. முதலில் கொஸ்கொடவில் ஆமைக் குஞ்சு பார்க்க நிறுத்தினார் டிரைவர். டிக்கெட் எங்கள் கைக்காசு. அப்புறம் அம்பலாங்கொடையில் முகமூடி விற்கும் கடை, முக்கால் மணி நேரம். சாப்பாடு. காலிக்குள் நுழையும்போது மணி ஒன்றரை. கோட்டை மதில் கண்ணுக்கு முன்னால் தெரிகிறது, பக்கத்திலேயே கிரிக்கெட் மைதானம், பையன் கத்துகிறான், வண்டி நிற்காமல் போகிறது. "வெயில் தாழ்ந்து வரலாம் சார், முதல்ல கொக்கல போவோம்" என்றார் டிரைவர்.

கொக்கல பக்கம்தான் கடலில் நட்ட கம்பின்மேல் உட்கார்ந்து தூண்டில் போடுகிறவர்கள். போட்டோவில் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். வண்டி நின்றதும் நிழலில் பீடி குடித்துக்கொண்டிருந்த மூன்று பேர் எழுந்து ஓடிப்போய்க் கம்பில் ஏறினார்கள். நான்காமவர் எங்களிடம் வந்து, போட்டோவுக்குத் தலைக்கு ஆயிரம் ரூபாய், அவர்கள் பணத்தில், என்றார். நைனா கண்ணுக்குமேல் கையை வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இன்னாடா இது, தூண்டில்ல முள்ளே இல்லியே."

நாற்பது வருஷம் கடலுக்குப் போனவர் சொன்னால் தப்பாக இருக்காது. உச்சி வெயிலில் கரையோரம் எந்த மீன் வரும் என்று வேறு கேட்டார். நிஜமாகக் கம்பில் ஏறிப் பிடித்தவர்கள் விடியற்காலையிலும் அந்தி நேரத்திலும்தான் பிடிப்பார்களாம். இப்போது அந்தத் தொழிலே பெரும்பாலும் போட்டோவுக்குத்தான். அவர்கள் வயிற்றுப்பாடு, அதில் எனக்குக் கோபமில்லை. நாலாயிரம் கொடுத்தேன். அதற்காக எங்கள் மதியத்தைத் தூக்கிக் கொடுத்த டிரைவர்மேல்தான் கோபம்.

அடுத்து ரத்தினக்கல் கடை. ஏசி, டீ, வீடியோ, ஒன்றரை மணி நேரம். டிரைவருக்குப் பின்னறையில் தனிச் சாப்பாடு. அதைப் பார்த்தபோதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். நீலக்கல் மோதிரம் ஒன்று, நம் பணத்தில் 18,000, மனைவி ஆசைப்பட்டாள், வாங்கினேன். ஊருக்கு வந்து சௌகார்பேட்டையில் காட்டினால், செயற்கைக் கல் என்று அரை நிமிடத்தில் சொல்லிவிட்டார் கடைக்காரர். கொழும்பிலேயே தேசிய இரத்தினக்கல் மற்றும் ஆபரண அதிகார சபையில் கல்லைச் சோதித்துச் சொல்வார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. வாங்குவதாக இருந்தால் அங்கே காட்டிப் போலி என்று தெரிந்தால் கல்லைத் திருப்பிக் கொடுத்துப் பணத்தை வாங்கிக்கொள்ளலாம் என்று பில்லில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். எழுதித் தரமாட்டேன் என்றால் டீயோடு எழுந்துவிடுங்கள்.

கோட்டைக்குள் விட்டது ஐந்து இருபதுக்கு. ஆறு மணிக்கு வண்டியில் இருக்க வேண்டும், தாண்டினால் ஓவர்டைம். நாற்பது நிமிடம்! நைனாவால் வேகமாக நடக்க முடியாது. கலங்கரை விளக்கத்தைத் தூரத்திலிருந்து பார்த்தோம், மதிலில் ஒரு மூலைவரை போனோம், திரும்பினோம். 1669 என்று பொறித்த பழைய டச்சு வாசலைப் பையன் கேட்டுக்கொண்டே வந்தான். அதற்கு நேரமில்லை.

ஏஜென்ட்டிடம் கேட்டால், "அது அங்கத்த வண்டிக்காரங்க பண்றது சார், எங்க கையில இல்ல" என்கிறார். கடைகளில் நிற்பது திட்டத்திலேயே இருந்ததா என்று கேட்டதற்கு இதுவரை பதில் இல்லை.

போகிறவர்கள் ரயிலில் போங்கள். கொழும்புக் கோட்டை ஸ்டேஷனிலிருந்து காலிக்கு இரண்டரை மணி நேரம் போல ஆகும், பாதி வழி கடலை ஒட்டியே போகும். போகும்போது வலப்பக்கம் உட்கார வேண்டும். டிக்கெட் சில நூறு இலங்கை ரூபாய்தான். காலி ஸ்டேஷனிலிருந்து கோட்டைக்கு நடந்தே போய்விடலாம், உள்ளே போக டிக்கெட்டும் கிடையாது. ரயில் சத்தத்திலேயே வளர்ந்த ராயபுரத்துக்காரன் எனக்கு இது தோன்றவில்லை பாருங்கள். வேன்தான் வேண்டும் என்றால், எங்கெங்கே நிற்கும், கோட்டையில் எத்தனை மணி நேரம் என்று வாட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்கிய பிறகு பணம் கட்டுங்கள்.

இன்னொன்று. 1911-ல் காலியில் ஒரு கல்வெட்டு கிடைத்தது. சீனக் கடலோடி செங் ஹே காலத்தது, 1409 என்று ஆண்டு, சீனம், தமிழ், பாரசீகம் மூன்றிலும் எழுதியது. அது இருப்பது கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில். எங்கள் ஓட்டலிலிருந்து ஆட்டோ தூரம். பேக்கேஜில் அதுவும் இல்லை.

நேற்று அந்த ஏஜென்ட் கடை வழியாக வந்தேன். டிசம்பர் விடுமுறைக்குப் புது பேனர் கட்டியிருக்கிறார்கள். படத்தில் அதே கம்புக்காரர்கள்.