நன்கொடையா, சலுகைக் கடனா?

மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளையும் இணைக்கும் மண்முனைப் பாலம் ஜப்பானின் நன்கொடையில் கட்டப்பட்டு 2014இல் திறக்கப்பட்டது. அதுவரை பாதைப் படகுக்குக் காத்திருந்த, வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையின் மக்களுக்கு அது கிடைத்தபோது, திருப்பிச் செலுத்தும் சுமை எதுவும் கூடவே வரவில்லை. அறுகம்குடாவில் சுனாமிக்குப் பின் அமெரிக்க உதவியில் எழுந்த பாலமும் இவ்வகையே. நன்கொடையின் பெரும் சிறப்பு இதுதான்.

ஆனால் அதன் ஆயுள் கொடுப்பவரின் அரசியலில் தங்கியிருக்கிறது. வளர்ந்த நாடுகளின் உத்தியோகபூர்வ அபிவிருத்தி உதவி ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து உயர்ந்தபின் 2024இல், முதற்கட்டக் கணக்கின்படி, மெய்மதிப்பில் (விலையேற்றத்தைக் கழித்துப் பார்த்தால்) 7.1 சதவீதம் சரிந்தது. அறுகம்குடாப் பாலத்துக்கு நிதி தந்த அமெரிக்க உதவி நிறுவனமான யுஎஸ்எயிட்டே (USAID) 2025இல் மூடப்பட்டது.

உலக வங்கி, ஆசிய அபிவிருத்தி வங்கி போன்றவை தரும் சலுகைக் கடன் குறைந்த வட்டியும் நீண்ட தவணையும் கொண்டது, பெருந்தொகையும் கிடைக்கும். எனினும் அது வெளிநாட்டு நாணயத்தில் அடைக்கப்பட வேண்டியது என்பதால், ரூபாய் வீழும்போது சுமை பெருகுகிறது. 2022 ஏப்ரலில் இலங்கை வெளிநாட்டுக் கடன் செலுத்துவதை நிறுத்தியபோது ஜப்பானியக் கடன் திட்டங்களும் நின்று, 2024 ஜூலையில்தான் மீண்டும் தொடங்கின.

ஆகவே, வருமானம் ஈட்டித் தராத கிராமக் குடிநீருக்கும் பாடசாலைக்கும் நன்கொடையையே கேட்டுப் பெற வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. துறைமுகம், மின்சாரம் போன்றவற்றுக்குக் கடன் பொருந்தும், அதுவும் அதன் நிபந்தனைகள் முன்கூட்டியே தமிழிலும் வெளியிடப்பட்டால்.