பால் உள்ள சைவமா, வீகனா? தயிரில்தான் முடிவு

கறி மீன் முட்டையை விடுவதென்று தீர்மானித்தவருக்கு அடுத்த கேள்வி பால்: அதை வைத்துக்கொண்டு சைவராக நிற்பதா, பால் தயிர் நெய்யையும் விட்டு வீகனாவதா? விரதம், குடும்ப வழக்கம், உடம்பு என்று காரணம் வைத்திருப்பவர் பாலோடு நின்றுகொள்ளலாம். உயிரை வதைக்கக் கூடாது என்பது காரணமென்றால் அங்கே நிற்பது கஷ்டம். கன்று ஈன்றால்தான் மாடு கறக்கும். உழவு டிராக்டருக்குப் போனபின் காளைக்கன்றுக்கு வேலை குறைந்துவிட்டது. கறவை நின்ற மாடும் பெரும்பாலும் சந்தைக்குத்தான் போகிறது. என் சாய்வு வீகன் பக்கம், மறைக்கவில்லை.

சேலத்தில் வெளியே சாப்பிடுவது பெரிய தொல்லையில்லை. தட்டுவடை செட்டில் பாலுக்கு இடமே கிடையாது. பொங்கலில் நெய், பரோட்டா மாவில் சில கடைகளில் பாலோ முட்டையோ இருக்கும், கேட்டுவிடுங்கள். பாக்கெட்டில் பச்சைப் புள்ளி மட்டும் போதாது, பால்பவுடர் சேர்த்தாலும் அது இருக்கும்.

காபிக்கு ஒரு குறிப்பு. ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் விளைவது பெரும்பாலும் அராபிகா ரகம், புளிப்பு சற்றுத் தூக்கல். கொதிக்கிற டிகாஷனில் சோயா பாலை ஊற்றினால் திரியும். சூடும் புளிப்பும் சேர்ந்து புரதத்தை உறைய வைத்துவிடும். பாலை மிதமாகச் சுடவைத்து, அதில் டிகாஷனைச் சிறுகச் சிறுக விடுங்கள்.

வீகனாக மாறியவர்களை மறுபடி பாலுக்கு இழுப்பது காபியல்ல, தயிர்ச்சோறு. இதைச் சமாளித்தால் மீதியெல்லாம் தானாக நடக்கும். இதற்கு வழி கடலைத் தயிர். சேலம் செவ்வாய்ப்பேட்டையில் நல்ல பச்சை நிலக்கடலையாக வாங்குங்கள், வறுத்தது உதவாது. ஒரு டம்ளர் கடலையை எட்டு மணி நேரம் ஊறவைத்து, தோலை நீக்கி, மூன்று டம்ளர் தண்ணீர் சேர்த்து மைய அரைத்துத் துணியில் வடிகட்டுங்கள். சிறு தீயில் கிளறிக்கொண்டே கொதிக்கவிடுங்கள், கை எடுத்தால் அடிப்பிடிக்கும். இந்தக் கொதியைக் குறைத்தால் பச்சை வாடை போகாது. விரல் பொறுக்கும் சூட்டுக்கு ஆறியதும், கழுவித் துடைத்த ஏழெட்டுப் பச்சைமிளகாய்க் காம்புகளைப் போட்டு மூடுங்கள். முதல் தயிர் நெகிழ்வாக, லேசான காரத்தோடுதான் வரும். அதில் ஒரு கரண்டியை உறைமோராக்கினால் இரண்டாவது கெட்டியாகும். சேலத்து வெயிலில் ஆறு மணி நேரம் போதும். ஏற்காட்டுக் குளிரில் ஹாட்பாக்ஸில் வைத்தால்தான் விடிவதற்குள் உறையும். தண்ணீர் கூடினால் அடியில் நீர் தனியாக நிற்கும். மோர்க்குழம்புக்கு அடுப்பை அணைத்தபின் சேர்க்க வேண்டும், கொதித்தால் பிரிந்துவிடும்.

பால் பக்கத்தின் உண்மையான பலம் பி12 வைட்டமின். அரை லிட்டர் பசும்பாலில் சுமார் 2 மைக்ரோகிராம் கிடைக்கும், ஏறக்குறைய ஒரு நாள் தேவை. (ஒரு டம்ளர் காபியோடு நிறுத்துகிற சைவர்களுக்கும் இது எட்டாது.) வீகனுக்கு மாத்திரை கட்டாயம், ஸ்பைருலினா என்ற பாசிப் பொடியை இந்தக் கணக்கில் சேர்க்க முடியாது. கல்லீரலில் இருப்பு உள்ளவரை குறை தெரியாது, கால் மரத்துப்போகும்போது நரம்பு ஏற்கெனவே பாதிக்கப்பட்டிருக்கும். சுண்ணாம்புச் சத்துக்குக் கேழ்வரகு இருக்கிறது, 100 கிராமில் சுமார் 350 மில்லிகிராம்.

இதெல்லாம் திடமான பெரியவர்களுக்கான கணக்கு. கர்ப்பிணிகளுக்கும் சின்னக் குழந்தைகளுக்கும் பாலை நிறுத்துவதை மருத்துவரிடம் கேட்காமல் செய்ய வேண்டாம்.