ஃப்ரென்ஷமா, ட்ரேஃபோர்டா: எந்தப் புதைமேட்டுக்குப் போகலாம்?

தென் இங்கிலாந்தில் வெண்கலக் காலப் புதைமேடுகளை, அதாவது மூவாயிரம் ஆண்டுகளுக்கும் முன் இறந்தவர்களுக்காக எழுப்பிய மண்மேடுகளைப் பார்க்கவேண்டும், கையில் ஒரு நாள்தான் இருக்கிறது என்றால் நான் இரண்டு இடங்களைச் சொல்வேன். ஒன்று, சர்ரேயில் உள்ள ஃப்ரென்ஷம் காமன். மற்றது, மேற்கு சசெக்ஸில் ட்ரேஃபோர்ட் ஊருக்கு மேலே இருக்கும் டெவில்ஸ் ஜம்ப்ஸ்.

மேடுகளை மட்டும் பார்த்தால் ட்ரேஃபோர்டுக்குப் பக்கத்தில் ஃப்ரென்ஷம் நிற்கவே முடியாது. சுண்ணாம்புக் குன்றின் மேல், மரங்களுக்கு நடுவே திறந்த புல்வெளியில் ஐந்து பெரிய மேடுகள் ஒரே வரிசையில் இருக்கின்றன. பெரியது கிட்டத்தட்ட 5 மீட்டர் உயரம். கோடையின் மிக நீண்ட பகலன்று சூரியன் மறையும் திசையை நோக்கி அந்த வரிசை ஓடுகிறது. 19-ஆம் நூற்றாண்டில் தோண்டிப் பார்த்தபோது இரண்டு மேடுகளில் எரிந்த எலும்புகள் கிடைத்தன. சவுத் டவுன்ஸ் வே நடைபாதை பக்கத்திலேயே போவதால் வழி தவறாது. ஆனால் ஏற்றம் மூச்சு வாங்கவைக்கும். மழை பெய்திருந்தால் சுண்ணாம்புத் தரை சோப்பு போல வழுக்கும்.

ஃப்ரென்ஷமில் இருப்பவை கிண்ணத்தைக் கவிழ்த்தது போன்ற நான்கு மேடுகள். உயரமும் குறைவு. முதல் தடவை போனபோது, ஹெதர் என்ற குட்டைப் புதர்ச்செடி மூடிய ஒரு மேட்டைச் சாதாரணத் திட்டு என்று நினைத்துக் கடந்தே போய்விட்டேன். ஆனாலும் என் மனம் இந்த இடத்தோடுதான் ஒட்டிக்கொண்டது. காரணம், அந்த மண்.

பாதையோரம் அரித்துப்போன ஓர் இடத்தில் குனிந்து பாருங்கள். மேலே விரல் கனத்துக்குக் கருமண், அதன் கீழே சாம்பல் நிற மணல், இன்னும் கீழே துருநிறம். இந்தப் பக்கத்துப் புதர்வெளிகள் இயற்கையாக வந்தவை அல்ல. பழைய மனிதர்கள் காட்டை வெட்டி, ஆடுமாடு மேய்த்து, பயிர் செய்தார்கள். மணல் நிலத்தின் சத்தை மழை கீழே இழுத்துக்கொண்டு போனது; அந்தச் சாம்பல், துருநிற அடுக்குகள் அதன் தடம்தான். வேறெதுவும் சரியாக வளராத இடத்தை ஹெதர் பிடித்துக்கொண்டது. இறந்தவர்களுக்காக மேடு கட்டிய அந்தக் காலத்து மக்கள்தான் நம் காலடியில் இருக்கும் இந்த வெளியையும் உருவாக்கத் தொடங்கினார்கள். அங்கே நின்று இதை நினைக்கும்போது எனக்கு உண்மையாகவே சிலிர்க்கும். மேடுகள் இருக்கும் முகட்டின் இரு பக்கமும் தெரியும் குளங்கள் அவ்வளவு பழையவை அல்ல. வின்செஸ்டர் பிஷப்புக்கு மீன் வளர்க்க இடைக்காலத்தில் உருவாக்கியவை.

குழந்தைகளோடு போகிறவர்களுக்கும் ஃப்ரென்ஷம்தான் வசதி. பெரிய குளத்தருகே வண்டியை நிறுத்திவிட்டுக் கொஞ்ச தூரம் ஏறினால் போதும். ஆகஸ்டில் போனால் குன்று முழுக்க ஊதாப் பூ. அதற்கு முந்தைய மாதங்களில் பக்கிப் பறவை தரையிலேயே முட்டையிடும், அதனால் பாதையை விட்டு இறங்கவேண்டாம். மேடுகள் மேலும் ஏறாதீர்கள். மணல் மேட்டில் ஒருவர் ஏறிய தடம் அடுத்த மழையில் ஓடையாகிவிடும்.

ட்ரேஃபோர்ட்தான் போவது என்று முடிவு செய்தால் ஒரு விஷயம். டெவில்ஸ் ஜம்ப்ஸ் என்ற அதே பெயரில், ஃப்ரென்ஷமுக்குப் பக்கத்துச் சர்ட் ஊரிலும் மூன்று குன்றுகள் இருக்கின்றன. அவை இயற்கைக் குன்றுகள், புதைமேடுகள் அல்ல. அதனால் மேப்பில் தேடும்போது ட்ரேஃபோர்ட் என்ற ஊர்ப்பெயரையும் சேர்த்தே போடுங்கள்.