அத்தையின் கதையும் இரண்டு இலவச மென்பொருள்களும்

மலேசியாவின் ஈப்போவில் வசிக்கும் என் அத்தை, சிங்கப்பூரின் செம்பவாங் கடற்படைத் தளக் குடியிருப்பில் வளர்ந்தவர். 1971ஆம் ஆண்டு பிரிட்டிஷ் படைகள் வெளியேறுவதற்கு முந்தைய அந்த வாழ்க்கையை அவர் சொல்லச் சொல்லப் பதிவு செய்து, ஒரு வலையொலித் (பாட்காஸ்ட்) தொடராக்க வேண்டும் என்பது என் நெடுநாள் எண்ணம். மென்பொருளுக்கு ஒரு வெள்ளிகூடச் செலவிடாமல் அதைச் செய்ய முயன்றதில், இணையவழிப் பேச்சுக்கு ஜிட்சி மீட், ஒலித்தொகுப்புக்கு ஆடாசிட்டி என்ற ஏற்பாட்டில் வந்து நின்றேன். ஆறு பாகங்களை முடித்த அனுபவத்தில் இதை எழுதுகிறேன்.

இணையத்தில் பேசுவது என்றாலே ஸ்கைப் என்றிருந்த தலைமுறை எங்களுடையது. 2003இல் தொடங்கிய அச்சேவை 2025 மே மாதம் மூடப்பட்டுவிட்டது. ஸூம் இலவசக் கணக்கில் 40 நிமிடங்களில் கூட்டம் முடிந்துவிடும். அத்தையோ ரப்பர் தோட்டத்துக்குப் போன பெரியப்பாவின் கதையைத் தொடங்கவே அரைமணி நேரம் எடுத்துக்கொள்பவர். ஜிட்சியில் அந்தக் கெடு இல்லை. அழைக்கப்படுபவர் கணக்கு எதுவும் திறக்க வேண்டியதில்லை. அனுப்பிய இணைப்பை உலாவியில் தட்டினால் போதும். அழைப்பைத் தொடங்குபவர் மட்டும், 2023 ஆகஸ்ட் முதல், கூகல் போன்ற ஒரு கணக்கின்வழி உள்நுழைய வேண்டும். எழுபதைக் கடந்த ஒருவருக்குத் தொலைபேசியில் வழிசொல்லிக் கொடுத்து இணைய வைக்கக்கூடிய சேவை என்பதே என் கணக்கில் பெரிய மதிப்பெண்.

எனினும், அழைப்புச் சேவை எதுவாயினும் அதிலேயே பதிவு செய்வது தவறு என்பதை முதல் பாகத்திலேயே கற்றுக்கொண்டேன். அப்போது நான் பயன்படுத்திய வேறொரு சேவையின் பதிவில், அத்தை தாழ்ந்த குரலில் முடித்த சொற்களின் இறுதி அசைகள் பல காணாமல் போயிருந்தன. காரணம் எளிது. இவ்வகைச் சேவைகள் குரலைச் சுருக்கி அனுப்புகின்றன. வழியில் தொலைந்த துணுக்குகளை ஊகித்து நிரப்புகின்றன. எதிரொலியையும் இரைச்சலையும் நீக்கும் முயற்சியில் மெல்லிய ஒலிகளையும் சேர்த்து விழுங்குகின்றன. இருவர் ஒரே நேரத்தில் பேசினால் ஒருவர் குரல் அமுங்கிவிடுகிறது. உரையாடலுக்கு இவை போதும், ஆவணத்துக்குப் போதாது.

ஆகவே அழைப்பைக் காதுக்கு மட்டும் வைத்துக்கொண்டு, இருவரும் அவரவர் இடத்திலேயே தனித்தனியாகப் பதிவு செய்கிறோம். நான் கணினியில் ஆடாசிட்டியைத் திறக்கிறேன். அத்தை மகன், தன் கைப்பேசியின் குரல்பதிவுச் செயலியை இயக்கி அவர் முன்னால் வைத்துவிடுகிறார். இருவரும் காதணி ஒலிபெருக்கி அணிவது கட்டாயம், இல்லையேல் என் குரலும் அவர் பதிவில் கலந்துவிடும். தொடக்கத்தில் இருவரும் ஒருமுறை கைதட்டுகிறோம். பின்னர் இரு ஒலித்தடங்களையும் ஆடாசிட்டியில் ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்தால், கைதட்டல் எழுப்பிய கூர்முனைகளை நேர்க்கோட்டில் நிறுத்திவிடலாம். இரு கருவிகளின் கடிகாரமும் இம்மியும் பிசகாமல் ஓடுவதில்லை என்பதால், ஒரு மணி நேரப் பேச்சின் இறுதியில் சிறு விலகல் தெரியும். இடையில் ஓர் அமைதியான இடத்தில் வெட்டிச் சற்று நகர்த்தினால் சரியாகிவிடும்.

கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில் உருவாகி 2000ஆம் ஆண்டு வெளிவந்த ஆடாசிட்டி, விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் இயங்கும். இதன் இரைச்சல் நீக்கும் வசதிதான் என்னைக் கட்டிப்போட்டது. யாரும் பேசாத சில விநாடிகளைத் தேர்ந்தெடுத்து, இதுதான் இரைச்சல் என்று மென்பொருளுக்குக் காட்டிவிட்டால், மின்விசிறி, குளிர்சாதனம் போன்ற ஒரே சீரான ஓசைகளை அது முழுத்தடத்திலிருந்தும் குறைத்துவிடுகிறது. அளவுக்கு மீறினால் குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல் ஆகிவிடும். சீரற்ற ஓசைகளிடம் இதன் வித்தை பலிப்பதில்லை: சிங்கப்பூரின் ஈசூன் வட்டாரத்தில் என் வீட்டுச் சன்னலுக்கு எதிரே மேம்பாலத்தில் ஓடும் ரயிலையும், விடியற்காலையில் புளோக் முழுவதையும் எழுப்பிவிடும் குயிலையும் அதனால் ஒன்றும் செய்ய முடியவில்லை. கவிஞர்கள் குயிலை மன்னிக்கலாம், ஒலித்தொகுப்பாளர் மன்னிப்பது கடினம்.

குறைகளும் உண்டு. ஆடாசிட்டி ஒரு நேரத்தில் ஓர் உள்ளீட்டுக் கருவியிலிருந்து மட்டுமே பதிவு செய்யும். ஆகவே ஒலிவாங்கியையும் கணினியில் ஒலிக்கும் அழைப்பையும் ஒருசேரப் பிடிக்க நினைப்பவர்களுக்கு இது உகந்ததன்று. பட்டியல்கள் நெருக்கமானவை, புதியவர் மிரண்டுபோவார். 2021இல் மியூஸ் குழுமத்தின் கைக்கு மாறியபோது, பயன்பாட்டுத் தகவல்களைத் திரட்டும் திட்டம் கடும் எதிர்ப்புக்குள்ளாகிக் கைவிடப்பட்டதையும் சொல்லியாக வேண்டும். அதே ஆண்டு வந்த 3.0 பதிப்பில் ஒரு பணி முழுவதும் ஒற்றைக் கோப்பாகச் சேமிக்கப்படத் தொடங்கியது நல்ல மாற்றம். அதற்கு முன்பு, கூடவே இருக்கும் தரவுக் கோப்புறையை நகலெடுக்க மறந்தவர்களின் உழைப்பு வீணாயிற்று.

முடித்ததை 64 கிலோபிட் எம்பி3 கோப்பாக்கினால், ஒரு மணி நேரப் பேச்சு ஏறக்குறைய 29 மெகாபைட்டில் அடங்குகிறது; குடும்பப் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் பகிர அது தோதான அளவு.

எதிரொலிக்கும் அறையை மட்டும் இந்த மென்பொருளால் சரிசெய்ய இயலாது. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டின் வெறுஞ்சுவரும் பளிங்குத் தரையும் குரலைத் திருப்பியடிப்பதால், மூன்றாம் பாகம் முதல் படுக்கையறையில், திறந்துவைத்த துணி அலமாரிக்குள் முகத்தை நீட்டிக்கொண்டு பேசுகிறேன். என் மனைவியின் பட்டுப்புடவைகள் எதிரொலியை நன்றாகவே உறிஞ்சுகின்றன.